விரிக்காத குடை

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து பாஸ்போர்ட் படங்கள். காதைக் காட்டுங்கள், முடியை ஒதுக்குங்கள், சிரிக்காதீர்கள். மதியத்துக்கு மேல் ஒரு கல்யாண ஆல்பம். மாப்பிள்ளை முகத்துப் பருக்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அவருக்கே அவர் முகம் அடையாளம் தெரியாது, அந்த அளவுக்கு. முதலாளிக்குப் பரம திருப்தி. ஸ்டூடியோவில் எனக்குப் பெயரே ரப்பர்தான்.

வீட்டுக்கு வந்தால் சகலை உட்கார்ந்திருக்கிறான், வாயெல்லாம் பல். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். மருந்துக் கம்பெனி ரெப். பையைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவான், முன்பின் தெரியாதவர்களிடம் மாமன் மச்சான் மாதிரி பேசுவான். எங்கள் புகைப்படக் கழகத்தின் அறிவிப்பு வந்துவிட்டதாம். ஆகஸ்ட் கண்காட்சியில் இந்த வருஷமும் ஒருவருக்கு மட்டும் தனிச்சுவர். ஒரு முழுச் சுவர், ஒரே ஆளின் படங்கள்.

"நானும் அனுப்பலாம்னு இருக்கேண்ணா."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன், புரையேறிவிட்டது.

அந்தச் சுவருக்காக எத்தனை வருஷமாக அலைகிறேன்! ஒவ்வொரு தடவையும் கழகச் செயலாளர் தோளில் தட்டி, 'அடுத்த முறை பாருங்க' என்பார். இவன் கேமரா வாங்கியதே போன வருஷம். கழுத்தில் வாரை எப்படி மாட்டுவது என்பதிலிருந்து நான் சொல்லிக்கொடுத்தது. இன்றுவரை எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆட்டோவில் வைத்துத்தான் எடுக்கிறான். ஆட்டோ! அதுவும் கலரில்.

"கருப்பு வெள்ளைதான் ஏத்துக்குவாங்களாமே. நீங்கதாண்ணா மாத்திக் குடுக்கணும். உங்க கை பட்டா போதும்."

"அதுக்கென்ன, குடு" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

ஜூன் 5, வியாழன்

பென் டிரைவ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். படங்களைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

ஜூன் 6, வெள்ளி

பஸ் நிறுத்தத்தில் ஒருவர் கொட்டாவி விடுகிறார், பக்கத்தில் நிற்பவருக்கும் பாதிக் கொட்டாவி வந்துவிட்டது. முடிவெட்டுகிறவர் தன் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருக்கிறார், மடியில் சீப்பு. பழக்கடை அம்மா லென்ஸை நேராகப் பார்த்து எதற்கோ திட்டுகிறாள், ஆனால் சிரித்துக்கொண்டே. எல்லாரும் இவனை விட்டுவிடுகிறார்கள். நான் கேமராவைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அதே ஊர்தான்.

கோடு கோணல். வெளிச்சம் கண்டபடி. ஒருத்தரின் தலையில் பாதியைக் காணோம். ஒரு மண்ணும் தெரியாது இவனுக்கு. ஆனால் படம் நிற்கிறது. எப்படிடா?

என் மனைவி பின்னால் வந்து நின்று பார்த்தாள். கொட்டாவிப் படத்துக்குச் சத்தமாகச் சிரித்தாள். என் படத்தைப் பார்த்து அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன். என் படங்கள் சிரிக்கிற படங்கள் இல்லை, அது வேறு விஷயம்.

"அவர் படத்துல மனுஷங்க இருக்காங்க" என்றாள்.

"அப்போ என் படத்துல?"

"உங்க படத்துல யாரோ இப்பத்தான் எழுந்து போன மாதிரி இருக்கும். நல்லாத்தான் இருக்கும்."

நல்லாத்தான் இருக்குமாம்.

ஜூன் 8, ஞாயிறு

வானம் மூடிக்கிடந்தது. எனக்குப் பிடித்த வெளிச்சம். சாலை, சுவர், கம்பி எல்லாம் தானாகவே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். கிளம்பும்போது அவள் "குடை எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

"ரெண்டு கையும் கேமராவுக்கே பத்தல. மூணாவது கை முளைச்சா எடுத்துட்டுப் போறேன்."

அவளும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சலவைக் கடையில் துணி வாங்கி ரசீது போட்டுக் கொடுக்கிற கவுண்டர், ஞாயிறு அரை நாள். அவள் கடைக்குப் பக்கத்து நடைமேம்பாலத்தில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சகலையும் வந்தான். வந்ததுமே எதிர்ச்சாரி டீக்கடையில் ஐக்கியமாகிவிட்டான். நான் பாலத்துக்கு அடியில் ஒரு குட்டையைக் கண்டுபிடித்தேன். மேலே கூரை மாதிரி பாலம் இருப்பதால் மழைத்துளி அதில் விழாது. கண்ணாடி மாதிரி கிடந்தது. படிக்கட்டு முழுக்கத் தலைகீழாக உள்ளே. அந்தப் பக்கமாக ஒரு சைக்கிள் போக வேண்டும், அவ்வளவுதான் வேண்டும் எனக்கு. வெளியே சாலையோரம் முட்டி போட்டு உட்கார்ந்தேன். மழை பிடித்துக்கொண்டது. கேமராவுக்குப் பிளாஸ்டிக் உறை, எனக்கு ஒன்றும் இல்லை. சட்டைக்குள் தண்ணீர் ஓடியது. விடவில்லை.

தூரத்தில் ஒரு சைக்கிள் திரும்பியது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் குட்டைக்குள் ஒரு ஜோடிச் செருப்பு. பெண் செருப்பு. படிக்கட்டு சுக்குநூறாகிவிட்டது.

"ஏம்மா, குறுக்க நிக்காதீங்க. தள்ளுங்க!"

கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் போச்சு. செருப்பு போய்விட்டது. சைக்கிளும் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

தொப்பலாக வீடு வந்தேன். அவள் எனக்கு முன்பே வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டு கேட்டேன். "கொடியில இருக்கு" என்றாள். எடுத்துக் கொடுக்கவில்லை. அவளுக்கும் அலுப்பாக இருந்திருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

சகலை ஞாயிற்றுக்கிழமைப் படங்களைக் கொடுத்தான். அதில் ஒன்று.

பாலத்தின் ஓரம், கொட்டுகிற மழை. மழைக்கோட்டுத் தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். முகம் தொப்பிக்குள், நிழலில். கையில் குடை. மூடிய குடை. அவ்வளவு மழையிலும் அதை விரிக்கவில்லை. ஃபிரேமுக்கு வெளியே, எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

என் குட்டையைக் கலக்கிய அந்தச் செருப்புக்காரியாகத்தான் இருக்கும். என் படத்தைக் கெடுத்தவள் அவன் படத்தில் போய் நின்றிருக்கிறாள்! கொடுத்து வைத்தவன் ஐயா. நான் மழையில் முட்டி தேய உட்கார்ந்திருக்க, இவன் டீயைக் குடித்துக்கொண்டே இதை எடுத்திருக்கிறான்.

யாருக்காக விரிக்காமல் வைத்திருக்கிறாள்? எதைப் பார்க்கிறாள்? அது தெரியாததுதான் படத்தின் பலம். மூடிய அந்தக் குடையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இந்தப் படம் போனால் சுவர் இவனுக்குத்தான். கழகத்தில் ஒரே ஒரு படத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அது தேறினால்தான் மீதியைக் கேட்பார்கள்.

என் வேலைமுறை தனி. படம் கணினியில் ஏறும்போதே கருப்பு வெள்ளையாகிவிடும்படி அமைத்து வைத்திருக்கிறேன். கலரை நான் பார்ப்பதேயில்லை, கண்ணைக் கெடுத்துவிடும். இன்னொன்று, நிழலைத் திறக்க மாட்டேன், அதாவது இருண்ட இடங்களை வெளிச்சமாக்க மாட்டேன். இருட்டில் இருப்பது இருட்டிலேயே இருக்கட்டும். அதில்தான் படத்துக்கு ஒரு கனம் வரும். கழகத்தில் இதைப் பற்றி ஒருமுறை பேசியும் இருக்கிறேன். கைதட்டினார்கள்.

ஜூன் 12, வியாழன்

விடியற்காலையில் எழுந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு அந்தப் படத்தோடு உட்கார்ந்தேன்.

முதலில் ஒழுங்காகத்தான் செய்தேன். சாலையின் ஈரத்தை மட்டும் கொஞ்சம் மினுக்கினேன். மழைக்கோட்டு வெளிறித் தெரிந்தது, அதை அடக்கினேன். தொப்பிக்குள் இருந்த முகத்தை முழுக்கக் கருப்பில் விட்டேன். பின்னால் சாய்ந்து பார்த்தேன். படம் அப்படியே ஆளைப் பிடித்து இழுத்தது. என் கை பட்டு அவன் படம் இன்னும் நன்றாகிவிட்டது! நானே என் கையால் அவனுக்குச் சுவர் கட்டிக் கொடுக்கிறேனா?

குடையைப் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பிடியில் ஏதோ சுற்றியிருந்தது. அசிங்கம். கோடு மாதிரி குறுக்கே நிற்கிறது. கவனத்தைச் சிதறடிக்கிறது. இல்லையா? சிதறடிக்கத்தானே செய்கிறது?

அழித்தேன். ரப்பருக்கு ஒரு குடையை அழிப்பது ஒரு வேலையா? பருவை அழிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இப்போது ஒரு பெண் சும்மா மழையில் நிற்கிறாள். படம் சுத்தமாகிவிட்டது. செத்தும் போய்விட்டது. இரண்டும் எனக்குத் தெரிந்தது.

ஜூன் 15, ஞாயிறு

சகலை வந்தான். படத்தைத் திரையில் வைத்துக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான்.

"குடை எங்கண்ணா?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு பேச்சு வந்ததோ. கண் எங்கே போய் நிற்க வேண்டும், எது மிச்சம் எது குறை, ஒரு படத்தில் சொல்லாமல் விடுவது எவ்வளவு முக்கியம் என்று பொழிந்து தள்ளினேன். வாய் பிளந்து கேட்டான். நடுவில் போனை எடுத்துக் குறித்துக்கொள்ளவும் செய்தான்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். பிறகு, "அண்ணிகிட்ட கேட்டுட்டீங்கல்ல?"

அவளிடம் எதற்குக் கேட்க வேண்டும்? எனக்குப் புரியவில்லை. வீட்டில் யார் எடிட்டிங் செய்வது, அவளா நானா? "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன்.

போகும்போது பிஸ்கட் பாக்கெட் ஒன்றை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். நன்றிக்காம். அதைத் தின்னவே முடியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மறுபடி மழை. அதே குட்டை. சைக்கிள் கிடைத்துவிட்டது. குறுக்கே யாரும் வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இரண்டு பேரும் அனுப்பிவிட்டோம். நான் சைக்கிளை. அவன் அந்தச் செத்த படத்தை.

ஜூலை 11, வெள்ளி

சுவர் எனக்கு.

எனக்கு! செயலாளர் போனில் சொன்னபோது ஒரு கைக்குழந்தையைச் சிரிக்க வைத்து முதல் பிறந்தநாள் படம் எடுக்கப் போராடிக்கொண்டிருந்தேன். குழந்தை சிரிக்கவில்லை, நான் சிரித்தேன். 'உங்க சகலையோட படமும் வந்துச்சு. நல்ல சூழல்தான். ஆனா அந்தப் பொண்ணு ஏன் அங்க நிக்குதுன்னே தெரியல, ஏதோ குறையுதுன்னாங்க நடுவர்ங்க' என்றார்.

ஏதோ குறைகிறதாம்.

ஜூலை 13, ஞாயிறு

சகலையும் கொழுந்தியாளும் வந்தார்கள். அவன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டான். "எனக்கு அப்பவே தெரியும்ணா!" கொழுந்தியாள் வீட்டையே இரண்டாக்கினாள். என் மனைவி எல்லாருக்கும் காபி கொடுத்தாள். "சந்தோஷம்" என்றாள் என்னிடம். அந்த ஒரு வார்த்தைதான். ஊரே பாராட்டுகிறது, இவளுக்கு என்ன வந்தது? தங்கை புருஷனுக்குக் கிடைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பாளோ?

ஜெயித்த பிறகும் அவன் மேல் வயிறு எரிகிறது. இவ்வளவு லேசாக ஒரு ஆளால் எப்படி இருக்க முடிகிறது?

ஆகஸ்ட் 2, சனி

கண்காட்சி திறப்பு. எதை எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

சுவர் அருமையாக இருந்தது. நடுவில் சைக்கிள், பெரிய பிரிண்ட், கருப்பு அப்படியே வெல்வெட். ஆட்கள் கை கொடுத்தார்கள். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை. என் மனைவி சைக்கிள் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். "நல்லா இருக்கு. யாருமே குறுக்க இல்ல" என்றாள். பாராட்டு என்று நினைத்து "ஆமா" என்றேன்.

கொழுந்தியாள் என் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த போன் அடித்தது. திரை எரிந்தது. மஞ்சள்.

சாம்பல் தெருவில் ஒரு மஞ்சள். எங்கள் வீட்டில் எல்லாரும் 'மஞ்சள் மூட்டை' என்று கிண்டல் செய்கிற மழைக்கோட்டு. அதைப் போட்டால் பார்சல் நடந்து வருவது மாதிரி இருக்கிறது என்று நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! கையில் பச்சைக் குடை. கைப்பிடி விரிசல் விட்டுப் போய், சிவப்பு டேப் சுற்றியிருக்கிறது. அந்த டேப்பைச் சுற்றியது நான். அது என் குடை.

"இது... இது என்ன படம்?"

"என்ன அத்தான் தெரியாத மாதிரி கேக்கறீங்க. அக்காதான். பாலத்துக்கிட்ட இவர் எடுத்தது. அழகா இருந்துச்சா, போன்ல வச்சிட்டேன். நீங்கதானே இதைக் கருப்பு வெள்ளை ஆக்கினீங்க?"

என் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்துச் செயலாளர் வந்து தோளில் தட்டி, சுவர் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் வாருங்கள் என்றார். நின்றேன். சிரிங்க சார் என்றார்கள். சிரித்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தூக்கமே இல்லை. பெண்டாட்டியை அடையாளம் தெரியவில்லை எனக்கு. எத்தனை மணிநேரம் அந்தப் படத்தோடு உட்கார்ந்திருந்தேன்! அந்த மழைக்கோட்டின் ஒவ்வொரு மடிப்பையும் தொட்டேன், அடக்கினேன், இருட்டாக்கினேன். யாரென்று பார்க்கவேயில்லை. எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று பெரிய கேள்வி கேட்டேனே. என்னைத்தான்டா பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"அன்னிக்கு மழையில பாலத்துக்கு நீ வந்தியா?"

"வந்தேன்." சட்டையைத் திருப்பிப் போட்டு மடித்தாள். "குடை குடுக்கலாம்னு. கடைக்கு எடுத்துட்டுப் போயிருந்தேன்."

"ஏன் கூப்பிடல?"

"தள்ளுங்கன்னு சொன்னீங்க. தள்ளிட்டேன்."

"ஐயோ, நீன்னு தெரியாதுடி..."

"தெரிஞ்சிருந்தா தள்ளச் சொல்லியிருக்க மாட்டீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. சத்தம்கூட உயர்த்தவில்லை அவள். ரசீதில் துணி எண்ணிக்கை சரியா என்று கேட்கிற அதே குரல். பதிலுக்கு நின்றாள், நிஜமாகவே. மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு அலமாரிக்குப் போய்விட்டாள்.

'அண்ணிகிட்ட கேட்டுட்டீங்கல்ல' என்றானே அவன். அவள் படத்தை அனுப்புவதற்கு அவளிடம் கேட்டாயிற்றா என்று கேட்டிருக்கிறான். எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறான். எந்தப் புருஷனுக்குத் தெரியாது?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஃபைலை மறுபடி திறந்தேன். கருப்பு வெள்ளை அமைப்பை எடுத்துவிட்டேன். மஞ்சள் வந்தது. பிறகு நிழலைத் திறந்தேன், கொஞ்சம் கொஞ்சமாக.

முகம் இருந்தது. அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அழுகை இல்லை. கோபம்கூட இல்லை. கடையில் ஒருவர் போன் பேசி முடிக்கட்டும், பிறகு துணியைக் கொடுக்கலாம் என்று நிற்பாளே, அந்த முகம். நான் தள்ளச் சொன்ன பிறகு எடுத்த படம் இது. சொன்ன பிறகும் உடனே போய்விடவில்லை. குடையோடு நின்று பார்த்திருக்கிறாள், திரும்புவேனா என்று.

இதை நான் எடுக்கவில்லை. அவன் எடுத்தான். இதற்கும்கூட அவன் மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது எனக்கு. இப்போதும். என்ன ஜென்மமோ.

ஆகஸ்ட் 9, சனி

முதலில் செயலாளரிடம் போனேன். அந்தப் படத்தில் நான் குடையை அழித்தேன், அழிக்காத அசலைப் பார்த்து மறுபடி முடிவு செய்யுங்கள் என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாட்டினது மாட்டினதா இருக்கட்டும் சார். வீட்டு விஷயத்தை வீட்ல பேசிக்கங்க" என்றார்.

பிறகு சகலையை டீக்கடைக்கு வரச் சொன்னேன். அதே கடை. மென்று விழுங்காமல் சொல்லிவிட்டேன்.

"கவனம் சிதறும்னு எடுக்கல அந்தக் குடையை. பொறுக்காம எடுத்தேன். உனக்குச் சுவர் கெடைச்சிடும்னு."

டம்ளரை மேஜையில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"படத்துல இருக்கறது அண்ணின்னு?"

"தெரியாது."

அதற்குத்தான் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"சுவர் போனா போகுதுண்ணா. நீங்க அன்னிக்குச் சொன்னதையெல்லாம் போன்ல எழுதி வச்சிருக்கேன். தினம் எடுத்துப் படிச்சிட்டிருக்கேன். அதுல எது நெஜம், எது எரிச்சல்? இப்போ எப்படிப் பிரிக்கறது?"

எனக்கே தெரியவில்லை என்றேன். எழுந்து போய்விட்டான். டீயைக் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

கண்காட்சி முடிந்தது. படங்களைக் கழற்றி எடுத்து வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சகலை வரவில்லை. போனும் இல்லை. இவ்வளவு நாள் அவன் வந்தால் எரிச்சல், இப்போது வராமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

அந்தப் படத்தைக் கலரில் பிரிண்ட் போட்டேன். நிழலைத் திறந்து, குடையோடு. கூடத்தில் என் பழைய படம் ஒன்று தொங்குகிறது, ஆளில்லாத சந்து. அதைக் கழற்றிவிட்டு ஆணியில் இதை மாட்டப் போனேன். அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

"அது யாரு எடுத்த படம்?"

"உன் தங்கச்சி புருஷன்."

"அவர் பேரைக் கீழ எழுதினீங்களா?"

எழுதவில்லை. என் வீட்டுச் சுவரில், என் கையால், அவன் பெயர்! பேனாவைத் தேடி எடுத்து எழுதினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினேன், பொய் எதற்கு.

அவள் பக்கத்தில் வந்து பார்த்தாள். தன்னையே, ரொம்ப நேரம். "அந்தக் கோட்டுல உண்மையாவே மூட்டை மாதிரிதான் இருக்கேன்" என்றாள். பிறகு ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சந்துப் படத்தை எங்கே வைப்பது என்று கேட்டேன். "கட்டிலுக்கு அடியில எடம் இருக்கு" என்று குரல் வந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

சகலையிடமிருந்து ஒரு படம் வந்திருக்கிறது. ஒரு வார்த்தை இல்லை, படம் மட்டும். கருப்பு வெள்ளை, அவனே செய்தது. கருப்பை இழுத்து இழுத்து ஆள் முகமே தெரியவில்லை. அச்சு அசல் என்னை மாதிரியே.

ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது, கெடுத்துவிட்டான் என்று. அப்புறம் பதில் எழுதினேன். 'நிழலைத் திற. உள்ளே ஆள் இருக்கு.' இது நிஜம், எரிச்சல் இல்லை என்றும் சேர்த்து எழுதினேன்.

இரண்டு டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

மதியத்திலிருந்தே மழை. ஸ்டூடியோவில் கூட்டம் இல்லை, முதலாளியிடம் சொல்லிவிட்டு முன்னதாகக் கிளம்பினேன். காலையில் அவள் மஞ்சள் கோட்டை மறந்துவிட்டுப் போயிருந்தாள். வீட்டுக்குப் போய் அதை எடுத்துக்கொண்டேன். பச்சைக் குடையையும்.

சலவைக் கடைக்கு எதிரே நின்றேன். உள்ளே அவள் யாருக்கோ ரசீது எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவில் ஆவி படிந்து, அவள் முகம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. என்ன வெளிச்சம்! சகலை இருந்திருந்தால் இந்நேரம் எடுத்திருப்பான். எனக்கு எடுக்கத் தெரியுமா என்றே தெரியவில்லை. கை தானாகக் கழுத்துக்குப் போனது, அங்கே வார் இல்லை.

கடை அடைத்துவிட்டு வந்தாள். வாசலில் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"கேமரா எங்க?"

"வீட்ல."

என் ஒரு கையிலிருந்த கோட்டைப் பார்த்தாள். இன்னொரு கையிலிருந்த குடையைப் பார்த்தாள். கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். தொப்பியை இழுத்துவிட்டாள். பிறகு தன் கைப்பையையும், சாப்பாட்டு டப்பாவையும், கடையில் யாரோ கொடுத்தனுப்பிய ஒரு பெரிய துணி மூட்டையையும் ஒன்றன்பின் ஒன்றாக என் மேல் ஏற்றினாள்.

"இரு இரு, குடையை எப்படிப் பிடிக்கறது?"

"மூணாவது கை முளைக்கட்டும்" என்றாள்.

மழையில் முன்னால் நடந்தாள். பாலத்துக்கு அடியில் அந்தக் குட்டை இருந்தது. ஒதுங்கிப் போகவில்லை, நேராக அதில் இறங்கி நடந்தாள். நடுவில் நின்று திரும்பிப் பார்த்தாள், நான் வருகிறேனா என்று. குடையை விரிக்க முடியாமல், அக்குளில் இடுக்கிக்கொண்டு, நனைந்தபடி வந்துகொண்டிருந்தேன்.